திருக்கையன் ஓட்டிய பள்ளிக்கூட ஆட்டோ

அண்ணே,

போன வாரம் உன் ஆட்டோவை விலைக்குப் பார்க்க நெரவியிலிருந்து ஓர் ஆள் வந்திருந்தார். சக்கரத்தை உதைத்துப் பார்த்தார். விளக்கைப் போட்டுப் பார்த்தார். எல்லாம் சரி என்று தலையாட்டிக்கொண்டே வந்தவர், பின் சீட்டைத் தூக்கியதும் அப்படியே நின்றுவிட்டார். மூக்கை உள்ளே விட்டார். வெளியே எடுத்து என்னைப் பார்த்தார். மறுபடியும் உள்ளே விட்டார்.

"அக்கா, இதுல என்ன வச்சிருந்தாங்க?"

"புத்தகம்."

"புத்தகமா?"

"காமிக்ஸ். படக்கதைப் புத்தகம்."

அவர் நம்பவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பழைய பிராந்தி, அச்சுக் காகிதம், அதற்கு மேல் பரீதா லாத்தா போட்ட சாம்பிராணி, எல்லாம் சேர்ந்து வருஷக்கணக்கில் ஊறிய வாசனைக்கு யார்தான் புத்தகம் என்று பெயர் வைப்பார்கள்? நீ போய் நாலு மாதம் ஆகிறது. உன் சட்டைகளைத் துவைத்து யார் யாருக்கோ கொடுத்தாயிற்று. இந்தப் பெட்டிக்குள் மட்டும் நீ இன்னும் உட்கார்ந்திருக்கிறாய். அந்த ஆளை மறுநாள் வரச் சொல்லிவிட்டு, சீட்டை மூடாமல் அங்கேயே நின்று கொஞ்ச நேரம் அழுதேன். அதற்குள் என் கடைக்கு ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

நமக்குள் சண்டை ஆரம்பித்ததே காமிக்ஸில்தான். வரிச்சிக்குடியிலிருந்து அப்பா டவுனுக்குப் போனால், பஸ் ஸ்டாண்டு கடையில் கயிற்றில் தொங்கும் படக்கதைகளில் ஒன்றை வாங்கி வருவார். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே புத்தகம். ஹீரோ பேசுவதை நான் சத்தமாக வாசிக்க வேண்டும், வில்லன் பேசுவதை நீ வாசிப்பாய் என்று நீதான் பங்கு பிரித்தாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாலு பக்கம் தாண்டிய பிறகுதான் ஏமாந்தது தெரிந்தது. வில்லன் திட்டம் போடுவான், சிரிப்பான், சின்ன வயதில் பட்ட கஷ்டத்தைச் சொல்வான், ஹீரோவைத் தூணில் கட்டிப்போட்டுவிட்டு ஒரு பக்கம் முழுக்கப் பேசுவான். எனக்குக் கிடைத்தது "நில்!", "விடமாட்டேன்!" இவ்வளவுதான்.

"வில்லனுக்குத்தான் பாப்பா வேலை இருக்கு," என்பாய். "உன் ஆளு என்னத்த பண்றான்? இவன் ஏதாவது செஞ்சாத்தானே அவன் எந்திரிச்சே வர்றான்?"

அதிலும் உனக்கு உயிரானவர்கள், பாதிக் கதையில் திருந்திவிடுகிற வில்லன்கள். அவர்களுக்காக நீ வக்கீல் மாதிரி வாதாடுவாய். திருந்தியவனை யாரும் வீட்டுக்குள் கூப்பிட மாட்டார்கள். நெருப்புக்குள் போக வேண்டுமென்றால் மட்டும் அவனை அனுப்புவார்கள். ஊரில் ஒரு நகை காணாமல் போனால் முதலில் அவன் கதவைத்தான் தட்டுவார்கள். கடைசிப் படத்தில் ஹீரோ நடுவில் நிமிர்ந்து நிற்பார். இவன் ஓரத்தில், கையில் கட்டோடு, பாதி உடம்பு கட்டத்துக்கு வெளியே போய் நிற்பான். "பாரு, இவனுக்குக் கால் வரையக்கூட எடம் விடல!" என்று நிஜமாகவே உனக்குக் கண் சிவக்கும். நான் ஹீரோ கட்சி. செய்த தப்புக்கு அனுபவிக்கட்டும் என்பேன். நீ என் பின்னலைப் பிடித்து இழுப்பாய், வாசிப்பு அத்தோடு முடியும்.

வளர்ந்த பிறகு நீயே அந்தக் கட்டத்தின் ஓரத்தில் போய் நின்றாய். நம் ஊரில் கெட்டுப்போக வெகுதூரம் போக வேண்டியதில்லை. இந்தப் பக்கம் காரைக்காலில் பிராந்தி பாட்டில் மலிவு, தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டினால் விலை வேறு, நடுவில் ஒரு சோதனைச் சாவடி. ஆட்டோ ஓட்டத் தெரிந்தால் போதும். அப்பா கடைசிவரை நீ தேங்காய் வியாபாரம் செய்வதாகவே நம்பினார். வீட்டில் சட்னிக்குத் தேங்காய் வேண்டுமென்றால் நீ கடையில் காசு கொடுத்து வாங்கி வருவாய். அதைப் பார்த்தும் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

உன் ஆட்டோவின் பின் சீட்டுக்குக் கீழே ஒரு பலகை, அதற்கு அடியில் இன்னொரு பலகை. மிதியடியைத் தூக்கி ஒரு திருகாணியைத் திருப்பினால்தான் அந்த இரண்டாவது பலகை துள்ளித் திறக்கும். அதற்குள் பாட்டில்கள். சாவடி ஏட்டு ஒருவர் உன்னை மூன்று தடவை நிறுத்தி, சீட்டைக் கிழித்து, டயரைக் கழற்றி, ஒன்றும் கிடைக்காமல் விட்டார். கடைசியில் நீ மாட்டியது ஆட்டோவில் இல்லை. ஆட்டோ பஞ்சரான அன்றைக்கு, சோம்பல்பட்டு, ஜவுளிக்கடைப் பையோடு பஸ்சில் ஏறினாய். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கியது, பை கணகணவென்று சத்தம் போட்டது. வேட்டி துண்டு அப்படிச் சத்தம் போடாது என்று பக்கத்து சீட்டுக்காரருக்கே தெரிந்துவிட்டது.

உள்ளே போய் வந்தாய். வந்தவன் அம்மாவின் கையில் அடித்துச் சத்தியம் செய்தாய், அதைக் கடைசிவரை காப்பாற்றினாய். எவ்வளவு தூரம் என்றால், இருமல் மருந்தைக்கூடப் பாட்டிலாக வீட்டில் வைக்க மாட்டாய். கிண்ணத்தில் ஊற்றித் தட்டு போட்டு மூடி வைப்பாய். எறும்புகள்தான் அதிகம் குடித்தன.

திருந்தினால் மட்டும் போதுமா? உனக்கு ஒரு ஆசை வந்தது. பள்ளிக்கூட ஆட்டோ ஓட்ட வேண்டும்.

"ஏன்ணே, மார்க்கெட்டுக்கு ஓட்டேன். சவாரி நெறைய கெடைக்குமே," என்றேன்.

"இந்த ஊருல என் கதை தெரியாதவங்க அந்தப் புள்ளைங்க மட்டுந்தான் பாப்பா," என்றாய். பிறகு கடை வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும். ஒரு அம்மா புள்ளைய என் வண்டில ஏத்திவிட்டுட்டு, திரும்பிப் பாக்காம வீட்டுக்குள்ள போவணும்."

என் ஜெராக்ஸ் கடை பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்ததால் தாய்மார்களிடம் தூது போகும் வேலை என் தலையில் விழுந்தது. "வண்டி நல்லாத்தான் இருக்கு," என்று ஆரம்பித்து அத்தனை பேரும் வானத்தைப் பார்த்தார்கள். ஊருக்கே அக்கா முறையான பரீதா லாத்தா மட்டும் நேராகச் சொன்னார். கணவர் துபாயில், வீட்டையும் பிள்ளைகளையும் தனியாகக் கட்டி ஆள்கிறவர். சுற்றிப் பேச அவருக்கு நேரம் கிடையாது. "ஒங்க அண்ணன் திருந்திட்டாருன்னு நீங்க சொல்றீங்க. நான் எப்படிம்மா நம்புறது? நெத்தியிலயா எழுதியிருக்கு?"

நீ அதைச் சவாலாக எடுத்துக்கொண்டாய். காமிக்ஸில் திருந்தியவர்கள் உலகத்தைக் காப்பாற்றித்தான் பெயர் எடுப்பார்கள். காரைக்காலில் காப்பாற்ற உலகம் ஏது? நெரவி வாய்க்காலில் ஓர் ஆடு விழுந்து தத்தளிப்பதைப் பார்த்துக் குதித்தாய். ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறும்போது அதன் சொந்தக்காரர் வந்துவிட்டார். ஆட்டுத் திருடன் என்று அவர் போட்ட சத்தத்தில் வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஓடி வந்தார்கள். ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தாய்.

மாங்கனித் திருவிழா இன்னும் மோசம். சுவாமி வீதியில் வரும்போது வேண்டிக்கொண்டவர்கள் மாடியிலிருந்து கூடை கூடையாக மாம்பழம் வீசுவார்கள், கீழே கூட்டம் முண்டியடித்துப் பிடிக்கும். நெரிசலில் சிக்கிய ஒரு வயதான அம்மாள் மேல் பழம் விழாமலிருக்க, நீ முன்னால் போய்த் துண்டை விரித்துப் பிடித்தாய். எல்லாப் பழமும் உன் துண்டில் விழுந்தது. எவனோ கத்தினான்: "டேய், மாம்பழத்தையும் பார்டர் தாண்டி அனுப்பப் போறான்டா!" தெருவே சிரித்தது. அந்த அம்மாளாவது உனக்காகப் பேசுவார் என்று பார்த்தால், அவர் உன் துண்டிலிருந்து நல்ல பழமாக நாலு பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்குக் கடையில் வந்து உட்கார்ந்து, மாம்பழச் சாறு ஊறிய துண்டைப் பிழிந்தபடி சொன்னாய்: "நான் யாருக்கு நல்லது செஞ்சாலும் ஒரு கொட்டு கொட்டித்தான் பாப்பா முடியுது. திருக்கை மீன் கட்டிப்புடிச்ச கதையா இருக்கு."

நான் எழுதாமல் கிடந்த ஒரு தாளை எடுத்து, மனித முகமும் திருக்கை மீனின் நீள வாலும் வைத்து ஒரு ஆளை வரைந்தேன். உன் மூக்கையே போட்டேன். நீ சிரித்தாய். அப்படித்தான் திருக்கையன் பிறந்தான்.

கதை உன்னுடையது. கருக்களாச்சேரிக் கடலுக்கு அடியில் கொள்ளைக்காரனாக இருந்தவன் திருக்கையன். மனம் மாறிக் கரைக்கு வருகிறான், எல்லாரையும் காப்பாற்ற நினைக்கிறான். ஆனால் வாலில் இருக்கிற விஷமுள் மனம் மாறவில்லை. மூழ்கப் போகும் படகுக்காரரைத் தூக்கி வருவான். கரையில் இறக்கும்போது வால் ஒரு சுழற்று சுழற்றி அவர் காலில் கொட்டிவிடும். திருக்கை கொட்டினால் சுடுதண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது கடற்கரையில் எல்லாருக்கும் தெரியும். அதனால் திருக்கையன் எங்கே போனாலும் தோளில் ஒரு பிளாஸ்க் தொங்கும். காப்பாற்றி முடித்ததும் ஒவ்வொருவரிடமும் அவன் சொல்வது: "வலிக்கும். பொறுத்துக்குங்க. சுடுதண்ணி இருக்கு."

வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாள்களின் பின்பக்கத்தில் வரைந்து, பிரதி எடுத்து, தைத்துக் கடையில் வைத்தேன். முன்பக்கம் திருக்கையன் சுறாவோடு சண்டை போடுவான், பின்பக்கம் யாருடைய மாற்றுச் சான்றிதழோ பாதி தெரியும். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் மொய்த்தார்கள். பென்சில் வாங்க வந்தவர்கள் பென்சிலை மறந்தார்கள். இந்தக் கதையைச் சொன்னவர் ஆட்டோ வைத்திருக்கிறார் என்று தெரிந்ததும் வீட்டில் போய் அழுது அடம் பிடித்தார்கள். தாய்மார்களிடம் நான் மாதக்கணக்கில் பேசி நடக்காததை அவர்கள் ஒரு வாரத்தில் நடத்திக்கொண்டார்கள்.

பரீதா லாத்தா தன் பிள்ளைகள் நஸ்ரீனையும் அஸ்லமையும் கையில் பிடித்துக்கொண்டு உன் முன்னால் வந்து நின்றார். "ஒரு மாசம் பார்ப்போம் தம்பி," என்றார். மற்ற தாய்மார்கள் லாத்தாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு தலையாட்டினார்கள். அவ்வளவுதான், உனக்கு ஒரு மாதத் தவணை. ஒரு சின்னப் பிசகு நடந்தாலும் பிள்ளைகள் இறங்கிவிடுவார்கள்.

அந்த நாட்களில் நீ ஆட்டோ ஓட்டிய அழகை ஊரே வேடிக்கை பார்த்தது. சைக்கிள்கள் உன்னை முந்திப் போயின. ஒரு நாய் குறுக்கே வந்தால் இறங்கி அதைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. ஆனாலும் தினமும் காலையில் லாத்தா தெருமுனை வரை வந்து, ஆட்டோ கண்ணுக்கு மறையும் வரை இடுப்பில் கை வைத்து நிற்பார். கண்ணாடியில் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொல்வாய். "இன்னைக்கும் நின்னுச்சு பாப்பா."

இதற்கு நடுவில் நீ ஒரு காரியம் செய்திருந்தாய். காத்திருக்கும் நேரத்தில் பிள்ளைகள் படிக்கட்டும் என்று நம் பழைய காமிக்ஸையும் திருக்கையன் பிரதிகளையும் ஆட்டோவில் வைத்தாய். வைக்கிறவன் சீட்டில் வைத்தால் என்ன? மழை படாத இடம், யார் கையும் படாத இடம் என்று யோசித்து, அந்த இரண்டாவது பலகைக்கு அடியில் வைத்தாய். பிள்ளைகள் சுவரோரம் திரும்பிக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நீ பலகையைத் திறந்து எடுத்துக் கொடுப்பாய். எந்தக் காலத்திலோ அதற்குள் பாட்டில்கள் உடைந்து மரத்தில் ஊறிய பிராந்தி உன் மூக்குக்குப் பழகிப்போயிருந்தது. நல்ல பொருளைக்கூட ஒளித்து வைக்கத்தான் உன் கைக்குத் தெரிந்திருந்தது.

மாதம் முடிய இன்னும் சில நாட்கள்தான். எல்லைக்கு அந்தப்புறம், நாகூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவியப் போட்டி வந்தது. உன் ஆட்டோப் பிள்ளைகள் அத்தனை பேரும் பெயர் கொடுத்துவிட்டார்கள். லாத்தா மேற்பார்வைக்கு ஏறிக்கொண்டார். நான் கலர் பென்சில் டப்பாக்களை மடியில் வைத்துக்கொண்டு உன் பக்கத்தில் அரை சீட்டில் தொற்றிக்கொண்டேன். சனிக்கிழமைக் காலை, நல்ல வெயில், பின்னால் ஒரே பாட்டு.

தூரத்தில் சாவடியின் தடுப்புக் கம்பியும் காக்கிச் சட்டையும் தெரிந்தன. அடுத்த நொடி ஆட்டோ தார் ரோட்டை விட்டு இறங்கி வாய்க்கால் கரையில் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கண்ணே போற?"

உன் முகத்தைப் பார்த்தேன். உனக்கும் தெரியவில்லை.

"கை தானா திரும்பிருச்சு பாப்பா," என்றாய்.

அந்தக் கரையில் ஓர் ஆட்டோ போகலாம், திரும்ப முடியாது. முன்னால் ஒரு வாத்துக் கூட்டம் வேறு. அவசரமே இல்லாமல் அவை நடக்க, பின்னால் நாம் ஊர்ந்தோம். கரை மறுபடி ரோட்டில் ஏறுகிற இடத்தில், புளிய மரத்தடியில், வருஷக்கணக்காக எங்கே உட்கார்ந்திருப்பாரோ அங்கேயே, தன் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து அந்த ஏட்டு உட்கார்ந்திருந்தார். உன்னைக் கண்டதும் சம்பந்தியைக் கண்டவர் போல எழுந்து வந்தார்.

"வாங்க, வாங்க. பாத்து எவ்வளவு நாளாச்சு?"

"ஏட்டய்யா, பள்ளிக்கூடப் புள்ளைங்கய்யா. போட்டிக்குப் போறோம்."

"போட்டிக்குப் போறவன் நேரா ரோட்டுல போவான். வாய்க்காக்கரையில எதுக்குய்யா வர்ற?" குனிந்தவர் நின்றார். மூக்கு விடைத்தது. "எல்லாரும் எறங்குங்க."

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், குதித்து இறங்கினார்கள். லாத்தா இறங்கிய விதம் வேறு. வாசனை அவருக்கும் எட்டியிருந்தது. உன்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல லாத்தா. பழக்கதோஷம்," என்றாய்.

"பழக்கதோஷம் இப்படியா நாறும்?"

ஏட்டு சீட்டைத் தூக்கினார், முதல் பலகையைத் தட்டினார், டயரை அமுக்கினார். எப்போதும் போல ஒன்றும் கிடைக்கவில்லை. வாசனை மட்டும் கிடைத்துக்கொண்டே இருந்தது. "எங்கேருந்துதான்யா வருது?" என்று அவர் தலையைச் சொறிந்தபோது, நஸ்ரீன் உதவி செய்ய முன்வந்தாள்.

"அது திருக்கையன் வாசனை சார்."

"யாரு அவன்? எந்த ஊரு?"

பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் விளக்கம் சொன்னார்கள். கடலுக்கடியில் இருந்த கொள்ளைக்காரன், விஷமுள், பிளாஸ்க் என்று ஏட்டு தன் காதில் விழுந்தவரையில் இது ஒரு பெரிய கொள்ளைக் கும்பல் என்று நினைத்திருப்பார். அஸ்லம் தன் பையிலிருந்து புத்தகத்தையே எடுத்து நீட்டினான். ஏட்டு முகர்ந்து பார்த்தார். வாங்கி லாத்தாவும் முகர்ந்தார். "வாப்பா, இங்க வா. ஊது," என்று மகனைப் பிடித்து இழுத்தார். விளையாட்டு என்று நினைத்து அவன் கன்னம் உப்ப ஊதினான். காலையில் சாப்பிட்ட இடியாப்பமும் தேங்காய்ப்பாலும்தான் மணத்தன. லாத்தா அப்போதும் நிம்மதியாகவில்லை.

அந்த நேரம் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன் அண்ணே. நீ சும்மா நின்றிருந்தால் போதும். ஏட்டு அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்திருக்கவே மாட்டார், வழக்கம் போல விட்டிருப்பார். ஆனால் லாத்தா பிள்ளைகளை அங்கேயே இறக்கி பஸ்சில் கூட்டிப் போயிருப்பார். திறந்தாலோ, நீ வில்லனாக இருந்த காலத்தில் செய்த ஒரே உருப்படியான வேலை அம்பலமாகிவிடும். நான் இத்தனை வருஷம் படித்த எந்த ஹீரோவுக்கும் அப்படி வியர்த்து நான் பார்த்ததில்லை.

"தள்ளி நில்லுங்க ஏட்டய்யா," என்றாய்.

மிதியடியைத் தூக்கினாய். திருகாணியைத் திருப்பினாய். பலகை துள்ளித் திறந்தது. உள்ளே பாட்டில்கள் வைத்த வட்ட வட்டமான கறை, அதன் மேல் அடுக்கு அடுக்காகப் படக்கதைகள். லாத்தாவிடம்தான் சொன்னாய்.

"இங்கதான் லாத்தா அப்ப வச்சிருந்தேன். ஒரு தடவ ஒடஞ்சு ஊறிப்போச்சு. எவ்வளவு கழுவியும் போவல. இப்ப இதுதான் இருக்கு. இந்த எடத்த இன்னி வரைக்கும் நான் யாருக்கும் காட்டுனது இல்ல."

லாத்தா பேசுவதற்கு முன்னால் ஏட்டு பேசினார். அவர் குரலில் கோபம் இல்லை, ஏக்கம் இருந்தது.

"இதுதானா! மூணு தடவ பிரிச்சுப் போட்டேனேய்யா. ராத்திரில தூக்கம் வராம படுத்துப் படுத்து யோசிச்சேனே!" கையை உள்ளே விட்டுச் சாண் போட்டு அளந்தார். "அடேயப்பா, என்னா வேலப்பாடு..." அதற்குள் பலகை படாரென்று மூடிக்கொண்டது.

ஏட்டு போட்ட கூச்சலில் வாத்துகள் வாய்க்காலில் குதித்தன. விரலை உதறிக்கொண்டு அவர் குதிக்க, நஸ்ரீன் தன் பிளாஸ்க்கைத் திறந்துகொண்டு முன்னால் போனாள். சளி பிடித்திருந்ததால் லாத்தா கொடுத்தனுப்பிய வெந்நீர். அவள் முகத்தில் அப்படி ஒரு பொறுப்பு.

"வலிக்கும். பொறுத்துக்குங்க. சுடுதண்ணி இருக்கு."

முதலில் சிரித்தது லாத்தாதான். துப்பட்டியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், தோள் குலுங்கச் சிரித்தார். ஏட்டு மைல் கல்லில் உட்கார்ந்து, பிளாஸ்க் மூடிக்குள் விரலை விட்டுக்கொண்டு, இன்னொரு கையால் திருக்கையன் முதல் பாகத்தைப் புரட்டினார். நாம் கிளம்பும்போது, "ரெண்டாம் பாகம் இருக்கா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

லாத்தா பெட்டியருகே குனிந்து ஒருமுறை முகர்ந்தார். "சாம்பிராணி போடணும்," என்றார்.

"புள்ளைங்க..." என்று இழுத்தாய்.

"ஏறச் சொல்லுங்க தம்பி, நேரமாவுது. ரோட்டுலயே போங்க."

போட்டிக்குத் தாமதமாகத்தான் போனோம். அத்தனை பிள்ளைகளும் திருக்கையனையே வரைந்தார்கள், ஒருவருக்கும் பரிசு இல்லை. காரைக்காலில் இந்த மீன் அதிகமாகக் கிடைக்குமா என்று நடுவர் என்னிடம் தனியாகக் கேட்டார்.

திங்கட்கிழமை காலையில் லாத்தா உன் பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கட்டிச் சாம்பிராணி போட்டார். ஆட்டோ முழுக்கப் புகை, பிள்ளைகள் இருமிக்கொண்டே ஏறினார்கள். உள்ளே அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டதாம். லாத்தா "போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டார். நீ பள்ளிக்கூட வாசலில் நிறுத்தாமல், பிள்ளைகளோடு நேரே என் கடைக்கு வந்தாய்.

"உள்ள போயிருச்சு பாப்பா. திரும்பிப் பாக்கல."

"பால் பொங்கியிருக்கும்ணே."

"பொங்கட்டுமே! திரும்பிப் பாக்கலல்ல?"

அதற்குள் பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்துவிட்டது. நீ போய் டீச்சரிடம் திட்டு வாங்கினாய், சிரித்துக்கொண்டே வாங்கினாய்.

அதற்குப் பிறகு எத்தனை பிள்ளைகள். அவர்கள் வளர்ந்து கல்லூரிக்கும் துபாய்க்கும் போனார்கள், திருக்கையன் மட்டும் இன்னும் யாரையாவது காப்பாற்றிக் கொட்டிக்கொண்டிருந்தான். கதையை முடித்துவிடலாம், கடைசிப் படத்தில் அவனை ஹீரோவாக நடுவில் நிறுத்தலாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். நீ ஒத்துக்கொள்ளவே இல்லை. "வால் இருக்குற வரைக்கும் அவன் பாத்துப் பாத்துத்தான் நடக்கணும் பாப்பா. நடுவுல நிறுத்திட்டா பக்கத்துல நிக்கிறவன் கதி என்ன?" என்றாய். நான் வரைந்த எந்தக் கட்டத்திலும் அவன் கால் வெளியே போனதில்லை என்பதை மட்டும் நீ கவனித்தாயா என்று நான் கேட்கவே இல்லை.

போகும்போதும் நீ வேலையை முடித்துவிட்டுத்தான் போனாய். கடைசிப் பிள்ளையை வீட்டில் இறக்கிவிட்டு, கடை வாசலில் ஆட்டோவை நிறுத்தி, நெஞ்சைத் தடவிக்கொண்டு டீ கேட்டாய். வாங்கி வந்தேன். கண்ணாடியைப் பார்த்தபடி சாய்ந்திருந்தாய், கூப்பிட்டால் திரும்பவில்லை. மறுநாள் வாசலில் நின்ற தாய்மார்களை எண்ண முடியவில்லை. ஓய்வு பெற்ற ஏட்டு வந்து பாடைக்குத் தோள் கொடுத்தார். நம் குடும்பத்தில் போலீஸ் யார் என்று பலர் என்னிடம் விசாரித்தார்கள்.

நெரவிக்காரர் சொன்னபடி மறுநாள் வந்தார். "அந்தப் பெட்டியப் பேத்துப் போட்டா மீன் கூடை வைக்கலாம்க்கா," என்றார். ஆட்டோ விற்பனைக்கு இல்லை என்றேன். எனக்கு ஓட்டத் தெரியும் என்பது உனக்குத் தெரியும், சொல்லிக்கொடுத்தவனே நீதான். லைசென்ஸ் வாங்கிக் கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தேன், நீ கேலி செய்வாய். என் வீட்டுக்காரர் இன்னும் இந்த ஆட்டோவில் ஏறத் துணியவில்லை. அதைக் கணக்கில் எடுக்காதே.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். பரீதா லாத்தாவின் பேத்தி, நம் நஸ்ரீனின் மகள், இந்த வருஷம்தான் சேர்கிறாள். கேட்கப் போனேன். எனக்கு என்ன பயம்? வாழ்க்கையில் ஒரு பாட்டிலைக் கடத்தியதில்லை, ஜெராக்ஸில் ஒரு பக்கம் கூடுதலாகக் கணக்குப் போட்டதில்லை. பிறந்ததிலிருந்து ஹீரோ கட்சி. லாத்தா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ ஓட்டுவியா புள்ள?"

"ஓட்டுவேன் லாத்தா."

"ஒரு மாசம் பார்ப்போம்."

எனக்கு வந்த கோபத்தில் வீடு வரை நடந்தே வந்தேன். வந்து உட்கார்ந்த பிறகுதான் சிரிப்பு வந்தது, அதற்குப் பிறகு நீ நினைவுக்கு வந்தாய்.

இன்று காலை ஓட்டினேன் அண்ணே. உன் பெட்டியில் காமிக்ஸ் அப்படியே இருக்கிறது. பலகைக்கு மேலே ஆறு பிள்ளைகள். கைப்பிடியில் ஒரு பிளாஸ்க் தொங்குகிறது, சுடுதண்ணீரோடு. நாளைக்கு யார் எங்கே இடித்துக்கொள்வார்களோ, யாருக்குத் தெரியும்? லாத்தா பேத்தியை ஏற்றிவிட்டு, மூக்கைச் சுளித்து, சீட்டைத் தட்டிப் பார்த்தார். "மெதுவாப் போ" என்றார். நான் சைக்கிள்களுக்கு வழி விட்டுப் போனேன். தெருமுனை திரும்பும்போது, நீ பார்ப்பாயே, அந்தக் கண்ணாடியில் பார்த்தேன்.

லாத்தா இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.